கலர் மாறினால் ஆர்.சி.யில் ஏறுகிறது, வண்டியே மாறினால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் 27 வருஷமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் கவுந்தப்பாடிப் பக்கம் இருந்து ஒரு மஞ்சள் விவசாயி வந்தார். பழைய கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மழை பெய்தால் ஹார்ன் தானாக அடிக்கிறது என்றார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். அடி முனையில் ஒரு முழத்துக்குக் காய்ந்த சேறு. சீட்டைக் கழற்றினால் போல்ட் எல்லாம் துரு, ஒயரிங் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. வெள்ளத்தில் முழுகிய வண்டி.

"ஆர்.சி. சுத்தமா இருந்துதுங்க, ஆன்லைன்லகூடப் பார்த்தனுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆர்.சி.யில் அதற்கு இடமே இல்லை.

வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்', அதாவது முழு நஷ்டம் என்று கணக்கை முடிக்கும். அந்த வண்டி ஏலத்தில் போகும். எடுத்தவர் வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, அதே ஆர்.சி.யோடு வேறு மாவட்டத்தில் விற்றுவிடுவார். ஒளிப்பானேன், 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் அப்படி வந்த நாலைந்து வண்டிக்கு நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்தால் ஓடும். ஆனால் என்னிடம் வேலை முடித்து எடுத்துப்போனவர்கள் அடுத்தவரிடம் என்ன சொல்லி விற்றார்களோ, நான் கேட்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவில், அழிந்துபோன அல்லது இனி ஓட்டவே முடியாத வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்சூரன்ஸ் கணக்கில் செத்து, பட்டறையில் பிழைத்த வண்டி இதில் எங்கே வரும்? கலர் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், கடன் இருந்தால் ஏறுகிறது. பாதி வண்டியை வெட்டி ஒட்டியது மட்டும் ஏறுவதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே 'மறுகட்டுமானம்' என்று முத்திரை உண்டு. பிரிட்டனில் சேஸ் அடிபட்டதா இல்லையா என்று எழுத்து போட்டே பிரிக்கிறார்கள்.

கிளெய்மை முடிக்கும் கம்பெனியே ஆர்.டி.ஓ. பதிவில் 'டோட்டல் லாஸ்' என்று ஏற்ற வேண்டும். கட்டி முடித்த வண்டியை, மாற்றிய பாகங்களின் பில்லோடு, இன்ஸ்பெக்டர் ஏர்பேக் வரைக்கும் பார்க்க வேண்டும். ஏர்பேக் இருந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து எச்சரிக்கை விளக்கை அணைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். விலை விழுந்துவிடும் என்று எங்கள் தொழில்காரர்கள் சிலர் என் மேல் கோபப்படுவார்கள். விழட்டும்.

அந்தக் கார் இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. விற்றுவிடலாமா என்று கேட்டார். வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கச் சொன்னேன். "எனக்கு யாருங்க சொன்னாங்க?" என்றார்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரன்,
கோபிசெட்டிபாளையம்.