பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கொரியாவின் சூவோன் நகரத்து ஞாயிறு கால்பந்து ஆட்டக்குழு நண்பர்களுக்கும், என் முட்டிக்காக அலைந்து காசு போட்டுத் திட்டவும் செய்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

நேற்று ஊன்றுகோல்களில் ஒன்றை விட்டாயிற்று. இன்னொன்று கொஞ்ச நாள் இருக்கும். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் அன்றைக்கு மைதானத்தில்தான் இருந்தீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஆம்புலன்சில் கூடவே வந்த தம்பிகள், காப்பீட்டுப் படிவங்களைக் கொரிய மொழியில் நிரப்பிக் கொடுத்த அக்கா, பிளாஸ்கில் ரசம் அனுப்பிய வீடுகள், ஆய்வகத்தில் என் வேலையைச் சத்தமில்லாமல் பங்கு போட்டுக்கொண்டவர்கள், ஊரில் அம்மாவிடம் "சின்ன அடிதான்மா" என்று கூசாமல் பொய் சொன்ன புண்ணியவான் என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. தனித்தனியாகச் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் சண்டை வரும்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். பார்க்க வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்த கொரியத் தாத்தா.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முட்டியை மெல்ல மடக்கி நீட்டும் இயந்திரத்தில் காலைக் கட்டிவிடுவார்கள். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அதில் ஒரு எண் தெரியும். வலியைவிட அந்த எண்தான் மோசம். அது ஏறப்போகிறது என்று தெரிந்தாலே உடம்பு விறைத்துக்கொள்ளும், விறைத்தால் வலி இன்னும் கூடும். தாத்தாவுக்கு இரண்டு முட்டியிலும் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள், அந்த இயந்திரத்தின் குணம் அவருக்கு அத்துப்படி. முதல் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவர், வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எண் தெரியும் இடத்தில் தன் துண்டைப் போட்டு மூடினார். தன் கைப்பேசியை என் சாப்பாட்டுப் பலகையில் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தார். 2002 உலகக் கோப்பை, இஞ்சியோன் மைதானம், கொரியாவும் போர்ச்சுகலும்.

கொரிய அணியின் பார்க் ஜி-சங் பந்தை மார்பில் வாங்கி, வலது காலால் ஒருவரைத் தாண்டித் தூக்கிப் போட்டு, அது தரையில் படுமுன் இடது காலால் அடித்த அந்த கோலை நானும் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் தாத்தாவோடு பார்ப்பது வேறு. கோல் விழுந்ததும் பார்க் ஓடிப்போய்ப் பயிற்சியாளர் ஹிடிங்கின் கைகளில் விழும் இடம் வந்தபோது அவர் என் தோளைத் தட்டினார். இயந்திரம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

பார்க் வளர்ந்தது இதே சூவோனில்தான். இங்கே அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் "சின்னப் பையனாக இருக்கும்போதே தெரியும்" என்பார்கள். தாத்தா அப்படி ஒன்றும் அளக்கவில்லை. தினமும் சாயங்காலம் துண்டைப் போடுவார், என் சந்தைக் கொரியனுக்கு எட்டும்படி மெதுவாகக் கதையை ஆரம்பிப்பார். அடுத்த நாளிலிருந்து அவர் சொன்னதில் கோல் குறைவு, முட்டிதான் அதிகம். தட்டைப் பாதத்தோடு ஓடியவன் அவன் என்பார். 2003-இல் ஹிடிங்க் பார்க்கை நெதர்லாந்தின் ஐந்தோவன் கிளப்புக்கு அழைத்துக்கொண்டார். போன வேகத்தில் முட்டியில் கத்தி. திரும்பி வந்து சரியாக ஆட முடியாதபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். பார்க்கை வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கி ஹிடிங்க் காப்பாற்றினார். 2005-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் போட்டி அரையிறுதியில் இத்தாலியின் மிலானுக்கு எதிராக பார்க் கோல் போட்டபோது, அதே ஐந்தோவன் கூட்டம் அவர் பெயரில் பாட்டுப் பாடியது. தாத்தா அந்தப் பாட்டை வார்டில் பாடிக் காட்டி நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப், ஏழு பருவங்கள். 2007-இல் மறுபடி முட்டி, அமெரிக்காவில் அறுவை சிகிச்சை, அந்த ஆண்டு முடியும்போதுதான் களம் திரும்பினார். அடுத்த ஏப்ரலில் ரோமாவையும் பார்சிலோனாவையும் எதிர்த்து ஓடி ஓடி ஆடியவருக்கு, மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரர் இடம்கூட இல்லை. அந்த முடிவு தன்னை உறுத்தியதாக யுனைடெட் பயிற்சியாளர் பெர்குசனே பின்னால் சொல்லியிருக்கிறார், தாத்தா இன்னும் மன்னிக்கவில்லை. 2009-இல் ரோமில் இறுதிப் போட்டியில் முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கினார். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய முதல் ஆசியர். அன்று யுனைடெட் தோற்றது என்பதைத் தாத்தா வேகமாகக் கடந்துவிட்டார்.

நான் மறக்க முடியாதது அவர் 2011-ஐப் பற்றிச் சொன்னதுதான். ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றது பார்க்கின் நூறாவது சர்வதேச ஆட்டம். அதோடு தேசிய அணிக்கு விடை சொன்னார், முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இங்கிலாந்துக்கும் கொரியாவுக்கும் பறந்து பறந்து அந்த முட்டியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. "அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அவனைத் திட்டினேன். இன்னும் ஒரு உலகக் கோப்பை ஆடக்கூடாதா என்றேன். எனக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் அவன் அத்தனை வருஷம் எதோடு ஓடினான் என்று தெரிந்தது" என்றார் தாத்தா. சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார், அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை.

நிறுத்தத் தெரிவதும் ஆட்டத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது. 2014 மே மாதம் முழுவதுமாக ஓய்வு பெறுகிறேன் என்று இதே சூவோனில் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னபோதும் பார்க் முட்டியைத்தான் காரணம் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. நானோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து உதைப்பவன், எனக்கென்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது? ஆகவே குழுவுக்கு என் வாக்கு: மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மைதானத்துக்குத் தண்ணீர் கேன் தூக்கத்தான் வருவேன். நடுக்களத்தில் என் இடத்தை எடுத்துக்கொண்ட தம்பி நிம்மதியாக ஆடலாம். நான் திரும்பி வந்தாலும் அது அவனுக்கே, நான் ஓரத்தில் நின்று பழகிக்கொள்கிறேன்.

தாத்தா போன வாரமே வீடு திரும்பிவிட்டார். கிளம்பும்போது துண்டை என் கட்டிலிலேயே விட்டுப் போனார், இயந்திரம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு.

அக்கா, படிவம் நிரப்பிய அதே கையால் இந்த மடலையும் கொரிய மொழிக்கு மாற்றித் தந்துவிடுங்கள், அவர் மகளிடம் சேர்த்துவிடுகிறேன். வருஷங்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஒன்று தப்பினாலும் தாத்தா என்னை விடமாட்டார்.