லினக்ஸ் பீட்டா வரும்போதே நாம தமிழ் அடிச்சுப் பாத்துடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு, பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க அத தூக்கிப் போடாம, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டர ஓட்டற இலவச சாஃப்ட்வேரான லினக்ஸுக்கு மாறலாம்னு உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க. நல்ல கட்டுரை, எங்க கடைக்கு வந்தவங்க நாலஞ்சு பேரு அத காட்டியே கேட்டாங்க. ஆனா அதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. புது வெர்ஷன் வெளிய வந்தப்பறம் எடுத்துப் போட்டுக்கறது ஒரு பக்கம், வெளிய வர்றதுக்கு முன்னாடியே பீட்டான்னு ஒண்ணு விடுவாங்க, அத தினமும் தமிழ்ல டைப் அடிக்கிற நம்மள மாதிரி ஆளுங்க போட்டுப் பாத்து எங்க எழுத்து உடையுது எங்க கீபோர்டு வேலை செய்யலன்னு சொல்லணும், இத செய்யறவங்க ரொம்ப கொஞ்சம் பேருதான் இருக்காங்க, அத பத்தித்தான் இந்த லெட்டர்.

நான் மன்னார்குடியில டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பட்டா மாறுதல் மனு, அடங்கல் வாங்க மனு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு, கல்யாண பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், எல்லாம் தமிழ்தான். விரல்ரேகை மெஷினுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்காததால ஒரு சிஸ்டத்துல மட்டும் விண்டோஸ் இருக்கு, மத்ததெல்லாம் லினக்ஸ்தான். அதனால எனக்கு இது பொழுதுபோக்கு இல்லீங்க, கீபோர்டு நின்னா கடை நிக்கும்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். லினக்ஸ்ல உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட்னு பல வகை இருக்கு. உபுண்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் வரும், முதல் வெர்ஷன் 2004 அக்டோபர்ல வந்துச்சு, அதான் அதுக்கு 4.10னு நம்பர், வருஷமும் மாசமும்தான் நம்பரே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஏப்ரல்ல வர்றது எல்டிஎஸ், அதுக்கு அஞ்சு வருஷம் அப்டேட் குடுப்பாங்க, கடைக்காரங்க, ஸ்கூலு, ஆபீஸு எல்லாரும் அதத்தான் போடுவாங்க. ஃபெடோராவும் வருஷத்துக்கு ரெண்டு, டெபியன் மட்டும் ரெடியானப்பதான் வரும். எதுவா இருந்தாலும் வெளியீட்டுக்கு சில வாரம் முன்னாடி பீட்டாவோ டெஸ்டிங்கோ எல்லாரும் எடுத்துப் பாக்கற மாதிரி வந்துடும். அந்த சில வாரம்தான் முக்கியம். அப்ப ஒரு குறைய சொன்னா சரி பண்ணி உள்ள சேத்துடுவாங்க, வெளிய வந்தப்பறம் சொன்னா அத தொட ரொம்ப யோசிப்பாங்க, ஏன்னா ஓடிக்கிட்டிருக்க லட்சக்கணக்கான மெஷின்ல வேற ஏதாவது உடைஞ்சுடக் கூடாதுங்கற பயம், அது நியாயமான பயமும்கூட. அப்பறம் அஞ்சு வருஷ எல்டிஎஸ்ல தமிழ்ல ஒரு குறை தங்கிப்போச்சுன்னா அத அனுபவிக்கப் போறது நாமதான்.

நான் போட்டுப் பாத்தது எந்த லினக்ஸ்னு இங்க எழுதல, பீட்டாவுல இருந்த குறைய வச்சு அது மோசம்னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாதுங்கறதுக்காக. அக்கா பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறப்ப ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்பு பரண்ல கிடந்துச்சு, பாலிடெக்னிக் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பிய கூப்ட்டு உக்கார வச்சுக்கிட்டு அதுலதான் ஆரம்பிச்சேன். முதல்ல ஹார்டு டிஸ்க்ல எதுவும் போடல. பென் டிரைவ்ல ஏத்தி அதுலேருந்தே பூட் பண்ணி லைவ்ல பாத்தோம். டவுன்லோடு பண்ண ஃபைலுக்கு ஷா 256 செக்ஸம், அதாவது ஃபைல் முழுசா இறங்கிச்சான்னு காட்டற எண், சரியான்னு பாத்துட்டுத்தான் பென் டிரைவ்ல ஏத்துனோம், அஞ்சாறு ஜிபி ஃபைலு நம்ம ஊரு நெட்ல இறங்கி முடியறதுக்குள்ள எங்கயாவது அரைகுறையா போயிருந்தா, வராத குறையெல்லாம் வந்த மாதிரி தெரியும்.

வைஃபை எடுத்துச்சு, சவுண்டு வந்துச்சு, ஸ்கிரீன் வெளிச்சம் கூடுது குறையுது, இதெல்லாம் உலகம் பூரா ஆயிரம் பேரு பாத்து சொல்லிடுவாங்க, அதுல நான் ரொம்ப நேரம் போக்கல. நேரா கீபோர்டு செட்டிங்ஸ்க்குப் போனேன். அங்க தமிழ்னு தேடுனா தமிழ்99 ரெண்டு இடத்துல வரும். ஒண்ணு சும்மா லேஅவுட்டு, ஒரு கீய அமுக்குனா ஒரு எழுத்து, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். இன்னொண்ணு ஐபஸ்ங்கற டைப் அடிக்கற சாஃப்ட்வேர் மூலமா எம்17என்ங்கற கீபோர்டு தொகுப்போட வர்றது, அதுதான் நிஜமான தமிழ்99, க ரெண்டு தடவ அடிச்சா தானா க்கன்னு புள்ளி வைக்கும், ங அடிச்சு க அடிச்சா ங்கன்னு வரும். 1999ல சென்னையில நடந்த மாநாட்டுக்கு அப்பறம் தமிழ்நாடு அரசே ஏத்துக்கிட்ட கீபோர்டு இது. புதுசா வர்ற ஒருத்தர் லிஸ்ட்ல மேல இருக்க முதல் தமிழ்99ஐ எடுத்துட்டு, புள்ளியே விழல, லினக்ஸ்ல தமிழ் சரியில்லன்னு திரும்பி விண்டோஸுக்கே போயிடுவாரு, எங்க கடையிலயே அப்படி போனவங்க உண்டு. பேர்லயே வித்தியாசம் தெரியற மாதிரி வைங்கன்னு சீக்கிரமாவே கேட்டுடணும், ஒரு கட்டத்துக்கு மேல ஸ்கிரீன்ல வர்ற வார்த்தைங்கள மாத்த மாட்டாங்க, மொழிபெயர்க்கறவங்களுக்கு டைம் வேணும்னு அத ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க. கும்பகோணம், தஞ்சாவூர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்களுக்கு பழைய தட்டச்சு லேஅவுட்டும் அதே எம்17என்ல இருக்கு. அத யாரு டெஸ்ட் பண்ணுவா சொல்லுங்க. அந்த விரல் பழக்கம் இருக்கவங்க உக்காந்து அடிச்சாத்தான் தெரியும்.

அப்பறம் எடிட்டர்ல அடிச்சேன், பிரவுசர்ல அடிச்சேன், லிப்ரே ஆபீஸ்ல ஒரு பழைய மனு பூராத்தையும் திரும்ப அடிச்சேன், எல்லாம் சரி. சேவ் பண்ணலாம்னு ஃபைலுக்கு பேரு வைக்கிற பெட்டியில அடிக்கறேன், பட்டான்னு அடிச்சா படடான்னு நிக்குது. அந்த ஒரு பெட்டியில மட்டும் ஆட்டோ புள்ளி விழல. மத்த இடமெல்லாம் விழுது. ஸ்கிரீனையும் கீபோர்டையும் ஆப்போட இணைக்கற எக்ஸ்11ங்கற பழைய அமைப்ப விட்டுட்டு வேலண்டுங்கற புதுசுக்கு லினக்ஸ் மாறிக்கிட்டிருக்க காலம் இது, ஸ்கிரீன்ல படம் வரையறதுலேருந்து நாம அடிக்கற எழுத்து ஆப்புக்குப் போய் சேர்ற வழி வரைக்கும் மாறுது, இந்த மாதிரி இடத்துலதான் நம்ம மாதிரி மொழி மாட்டிக்கும். இங்கிலீஷ் அடிக்கறவங்களுக்கு ஐபஸ் மாதிரி இன்புட் மெத்தடே தேவையில்ல, அதனால அவங்க எத்தன ஆயிரம் பேரு டெஸ்ட் பண்ணாலும் இது கண்ல படாது.

குறைய எப்படி சொல்றதுன்னுதான் நிறைய பேரு பயப்படுறாங்க, இங்கிலீஷ்ல எழுதணுமேன்னு. தம்பிதான் எழுதுனான், ரொம்ப சின்ன சின்ன வாக்கியம்: என்ன பண்ணேன், என்ன வரணும், என்ன வந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு ஸ்கிரீன்ஷாட், கீபோர்டு பேரு, எந்த தேதியில தயாரான பதிப்புன்னு (பில்டுன்னு சொல்வாங்க) சேத்தோம். உபுண்டுல டெர்மினல்ல உபுண்டு-பக்னு ஒரு கமாண்டு இருக்கு, அது சிஸ்டம் விவரமெல்லாம் தானா எடுத்து ஒட்டிக்கும், மத்ததுலயும் இதுமாதிரி வழி இருக்கு. நாங்க போட்டதுக்கு யாரோ ஒருத்தர் எனக்கும் வருதுன்னு வேற ஒரு மொழியில காட்டுனாரு, அப்பறம் டெவலப்பர் ரெண்டு கேள்வி கேட்டாரு, பதில் சொன்னோம், வெளியீட்டுக்கு முன்னாடியே அந்தப் பெட்டியில புள்ளி விழ ஆரம்பிச்சுடுச்சு. அந்தத் தம்பிக்கு வந்த சந்தோஷத்த நான் எழுதிக் காட்ட முடியாது. நம்ம சொன்னத கேட்டு உலகத்துக்கே போற ஒரு சாஃப்ட்வேர்ல திருத்துனாங்கங்கற நினைப்பு ஒரு பையனுக்கு எவ்வளவு தைரியம் குடுக்கும்.

பீட்டாவ போட்டுப் பாக்கறதெல்லாம் சின்ன வேலன்னு நினைக்கறவங்களுக்காக 2024ல நடந்த ஒண்ண சொல்லணும். எக்ஸ்இசட்னு ஃபைல சுருக்கற ஒரு சாஃப்ட்வேரு, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், அதுல 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்ல ஒருத்தன் நம்பிக்கைய சம்பாதிச்சு உள்ள நுழைஞ்சு வெளியாளு கம்ப்யூட்டருக்குள்ள நுழையற மாதிரி கள்ளத்தனமா ஒரு பின்வாசல் வச்சிருந்தான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற இன்ஜினியர் டெபியனோட வெளியிடாத அன்ஸ்டேபிள் பதிப்ப ஓட்டிக்கிட்டிருந்தப்ப லாகின் ஆக அரை செகண்டு கூட எடுக்குதேன்னு சந்தேகப்பட்டு தோண்டிப் பாத்து கண்டுபிடிச்சாரு, மார்ச் 29ஆம் தேதி வெளிய சொன்னாரு. அப்ப அது டெபியன் டெஸ்டிங் மாதிரி வெளிவராத பதிப்புகள்ல நுழைஞ்சிருந்துச்சு, ஜனங்க பெருவாரியா ஓட்டற நிலையான வெர்ஷனுக்கு இன்னும் வரல. உபுண்டு 24.04 பீட்டாவையே ஒரு வாரம் தள்ளி வச்சு, எல்லாத்தையும் திரும்ப பில்டு பண்ணித்தான் விட்டாங்க. வெளிவர்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கற ஆளு ஒருத்தர் இருந்ததால எத்தன சர்வர் தப்பிச்சுதுன்னு நினைச்சுப் பாருங்க.

இதுக்கு எதிர்மாறாவும் நடந்திருக்கு. 2017 அக்டோபர்ல வந்த உபுண்டு 17.10 சில லேப்டாப் மாடல்கள்ல, கம்ப்யூட்டர் பூட் ஆகவே வேணுங்கற பயாஸையே கெடுத்துடுச்சு, டிசம்பர்ல டவுன்லோட நிறுத்தி வச்சு, ஜனவரில திருத்துனத விட்டாங்க. அந்த மாடல்கள்ல பீட்டாவ ஓட்டிப் பாத்து முன்னாடியே சொல்ல ஆளு இருந்திருந்தா அவ்வளவு தூரம் போயிருக்காதுன்னு நான் நினைக்கிறேன். இங்கதான் நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு. 2011லேருந்து தமிழ்நாடு அரசு குடுத்த இலவச லேப்டாப்பு ஒரே மாடல் ஆயிரக்கணக்கான வீட்ல இருக்கு. திருவாரூர்ல ஒருத்தர் ஒரு மாடல்ல வைஃபை வரலன்னு சொல்லி சரியாச்சுன்னா பேராவூரணியிலயும் சீர்காழியிலயும் அதே மாடல் வச்சிருக்கவங்களுக்கும் சரியாயிடும். அதுல நிறையத்துல விண்டோஸ் கூடவே பாஸ்ங்கற இந்திய லினக்ஸும் போட்டுத்தான் குடுத்தாங்க, அத பூட் பண்ணிப் பாத்தவங்கதான் கம்மி. ரேம் கம்மியா இருக்க பழைய மாடலுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுண்டு மாதிரி லேசானது இருக்கு, அதுக்கும் பீட்டா வரும்.

நம்ம டெல்டாவுல இத புரியவைக்கறது கஷ்டமே இல்ல. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல ஒரு புது நெல் ரகம் கண்டுபிடிச்சா அப்படியே பேரு வச்சு வித்துடறாங்களா, பல ஊர்ல விவசாயிங்க வயல்லயே கொஞ்ச இடத்துல போட்டுப் பாத்து, சாயுதா, புகையான் பூச்சிய தாங்குதான்னு கேட்டுட்டுத்தான் வெளியிடுவாங்க. நம்ம மண்ணுல நாமதான் போட்டுப் பாக்கணும்.

ஜாக்கிரதையும் வேணும், அத சொல்லாம விட்டா நான் பொறுப்பில்லாதவன். கடையில வேலை ஓடற மெஷின்ல பீட்டா போடாதீங்க. கொள்முதல் நிலைய கணக்கு, வங்கி வேலை இருக்க மெஷின்ல கண்டிப்பா வேணாம். தனி லேப்டாப்பு, இல்ல பென் டிரைவ் லைவ், இல்ல இருக்க சிஸ்டத்துக்குள்ளயே தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ், இந்த மூணுல ஒண்ணு. கரண்ட் எப்ப போகும்னு தெரியாத நாள்ல பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்புல இன்ஸ்டால் ஆரம்பிக்காதீங்க, ஹார்டு டிஸ்க்க பார்டிஷனா பிரிக்கறப்ப கரண்ட் போனா இருக்க ஃபைலும் போயிடும். ஒரு தடவ பீட்டா போட்டவங்க வெளியீடு வந்தப்பறம் திரும்ப முதல்லேருந்து போட வேண்டியதில்ல, உபுண்டு, மின்ட் ரெண்டுலயும் வழக்கமான அப்டேட் பண்ணாலே அது முழு வெர்ஷனா ஆயிடும், இது நிறைய பேருக்குத் தெரியல.

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம்னு நம்ம பக்கம் எத்தன காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் இருக்கு. வருஷா வருஷம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் ப்ராஜெக்டையே செய்ய வைக்கறதுக்கு பதிலா, மார்ச்லயும் செப்டம்பர்லயும் ஒரு வாரம் இந்த வேலைய குடுக்கலாமே. ஒரு குரூப்பு கீபோர்டு, ஒரு குரூப்பு ஃபான்ட், கொ கோ கௌ மாதிரி கொம்பும் காலும் பிரிஞ்சு வர்ற எழுத்து எல்லா ஆப்லயும் சரியா சேருதா, பிடிஎஃப் எடுத்து அதுலேருந்து காப்பி பண்ணா அதே எழுத்து வருதான்னு. ஒரு குரூப்பு பாதி இங்கிலீஷ் பாதி தமிழா நிக்கற ஸ்கிரீன பாத்து மொழிபெயர்க்கட்டும். தஞ்சாவூர்ல 1981லேருந்து தமிழுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு, அவங்களும் கை குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும். தமிழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்க 2012லேருந்து கணியம்னு கட்டற்ற மென்பொருளுக்கான மின்னிதழ் வந்துக்கிட்டிருக்கு, இங்கிலீஷ் வராதுன்னு ஒதுங்க வேண்டியதில்ல.

உங்க பேப்பர்கிட்ட கேக்கறது ஒண்ணுதான். கம்ப்யூட்டர் பகுதியில வெளியீடு வந்தப்பறம் செய்தி போடறீங்க, அதுக்கு முன்னாடி பீட்டா வர்ற வாரத்துலயும் ஒரு சின்ன பெட்டிச் செய்தி போடுங்க, எந்த லினக்ஸ், எந்த தேதி, குறைய எங்க சொல்றதுன்னு.

இன்னொரு உதவியும் வேணும். நாங்க சொன்ன இன்னொரு குறை இன்னும் தீரல. பழைய லேசர் பிரிண்டர்ல தமிழ் பிடிஎஃப் பிரிண்ட் குடுத்தா புள்ளி எழுத்து மட்டும் கொஞ்சம் தள்ளி விழுது. ஒரே ஒரு கடையிலேருந்து சொன்னா எங்க பிரிண்டர் கோளாறா இருக்கும்னு நினைப்பாங்க. அடுத்த பீட்டா வர்றப்ப பழைய லேசர் பிரிண்டர் வச்சிருக்க டிடிபிகாரங்க யாராவது ஒரு பக்கம் பிரிண்ட் போட்டுப் பாருங்க, அதே மாதிரி விழுந்தா மாடல் நம்பரோட எனக்கும் இருக்குன்னு பதிஞ்சு விடுங்க.

இப்படிக்கு,
டிடிபி கடைக்கார வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.