கார் கழுவும் கிட்: தமிழில் குறிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கினால் வீட்டிலேயே கார் கழுவும் கிட், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷினும் அதன் துணைப் பொருட்களும் அடங்கிய பெட்டி, பற்றிய விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. அவற்றில் பெரிதாகப் போடுவது 120, 150 என்று 'பார்' கணக்கைத்தான் (தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் அலகு). காரின் பெயின்ட்டுக்கு 100 பாரே தாராளம். பெட்டியோடு வரும் நாசில்களில் (தண்ணீர் பாயும் கோணத்தை மாற்றும் முனைகள்) சிவப்பு (0 டிகிரி) பக்கம் போகவே கூடாது. ஒரே கோடாகப் பாய்ந்து கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கையும் டயர் ஓரத்தையும் கிழித்துவிடும். பச்சை (25 டிகிரி) அல்லது வெள்ளை (40 டிகிரி) போட்டு, ஓர் அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும்.

பெயின்ட் கெடுவது பெரும்பாலும் துணியால்தான். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மணல் ஒட்டிய பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்தால், வெயிலில் பானட்டைச் சாய்வாகப் பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். கறுப்பு வண்டியில் இன்னும் மோசம். எனவே முதலில் வெறும் தண்ணீரில் மண்ணைத் தள்ளிவிட்டு ஷாம்பு நுரை அடியுங்கள். நான்கைந்து நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம், மெழுகுப் பூச்சை உரித்துவிடும்.

நம் ஊர்களில் பலருக்கும் போர் தண்ணீர்தான். அது கண்ணாடியிலும் பானட்டிலும் தானாகக் காய்ந்தால் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். நாளானால் தேய்த்தாலும் போகாது. வெயில் ஏறும் முன் நிழலில் கழுவி, உடனே ஒற்றி எடுப்பதுதான் வழி. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மெஷின் திணறித் திணறி அடித்தால் பழுது என்று உடனே கடைக்குத் தூக்க வேண்டாம். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மெலிந்திருக்கும், அல்லது குழாய் இணைப்பில் காற்று இழுக்கும். சுவிட்ச் போடாமல் குழாயைத் திறந்து, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்தால் காற்று வெளியேறி நீர் சீராக வரும். அதன் பிறகே மின்சாரம். நுழைவாயிலில் உள்ள சின்ன சல்லடையையும் கழற்றிக் கழுவ வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்ப் சீல் போய்விடும்.

எல்லாவற்றையும் விட மின்சாரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பது உயிருக்கே ஆபத்து. எர்த் உள்ள மூன்று முனை பிளக்கும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும்.

நாசில் நிறங்களின் பொருளையும் இந்த மின் எச்சரிக்கையையும் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட விற்பனையாளர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை