வைரம் வாங்குமுன்

கிளிநொச்சி

அன்புள்ள மகனுக்கு,

வைர மோதிரம் போட்டுத்தான் நிச்சயம் செய்யப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. விதைப்புக்கு அவளுடைய சங்கிலி வங்கிக்குப் போகும், அரிவுவெட்டு முடிந்து திரும்பி வரும். வைரத்தை அடைவு வைக்கலாமா என்று கேட்கிறாள். கனடாவில் அதுதான் வழக்கமென்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல் எந்த நாட்டு மண்ணில் எடுத்தது என்று கடையில் கேட்டுவிட்டு வாங்கு.

மேற்கு ஆபிரிக்காவில் இருக்கிற சியரா லியோனில், கோனோ மாவட்டத்தில், கொர்யாடு என்றொரு கிராமம். அந்தப் பக்கத்தில் மண்வெட்டியால் கிடங்கு வெட்டி, சரளையை அள்ளித் தண்ணீரில் அரித்துத்தான் வைரம் தேடுவார்கள். 2017 மார்ச்சில், இம்மானுவேல் மோமோ என்ற போதகரின் ஆட்களுக்கு ஒரு கல் அகப்பட்டது. 709 கரட். ஐந்து கரட் ஒரு கிராம்; ஆக, கிட்டத்தட்ட 142 கிராம். நம்முடைய கணக்கில் 18 பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. பட்டை தீட்டாத ஒரே கல்!

அங்கே 1991 முதல் 2002 வரை சண்டை. கிளர்ச்சிக்காரர் வைரம் விற்று ஆயுதம் வாங்கினார்கள். கிடங்கு வெட்டியது துப்பாக்கிமுனையில் பிடித்துவந்த சனம். அதற்குப் பிறகுதான் 2003 இல், இது கிளர்ச்சிக்காரரின் சண்டைக்குக் காசு தேடிய கல் இல்லை என்று அரசாங்கங்கள் கடதாசி கொடுக்கிற கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. அதுவும் பட்டை தீட்டாத கல் நாடுவிட்டு நாடு போகும்போது மட்டும்தான். மோதிரத்தில் ஏறிய கல்லோடு அந்தக் கடதாசி வராது. அதனால்தான் வாய்விட்டுக் கேள் என்கிறேன்.

மோமோ கல்லைக் களவாக விற்காமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். ஆசை வராமலா இருந்திருக்கும்? மே மாதம் ஏலத்தில் 78 லட்சம் டொலருக்குக் கேட்டார்கள். காணாது என்று கொடுக்கவில்லை. டிசம்பரில் நியூயோர்க்கில் 65 லட்சத்துக்குத்தான் போனது. லண்டன் நகை வியாபாரி லாரன்ஸ் கிராப் வாங்கினார். நெல்லை வைத்துப் பார்த்து, விலை இறங்கிய பிறகு விற்கிற எங்களுக்கு இது புதுக்கதையா? 'சமாதான வைரம்' என்று பெயரும் வைத்தார்கள். விற்ற காசில் பாதிக்கு மேல் தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம், பாதை என்று சனத்துக்குப் போகும் என்றார்கள்.

சரி, தாலிக்கொடிக்குப் பத்தரிடம் சொல்லிவைக்க வேண்டும். எத்தனை பவுண் என்று அந்தப் பிள்ளையோடும் கதைத்துச் சொல். மோதிரத்தின் விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா