கைநாட்டு வைத்த தாள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்தது அறிந்து நிம்மதி. "குற்றம் செய்து உள்ளே போனவர்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டு.

பெண்கள் சிறையில் எழுத்து சொல்லிக்கொடுக்கப் போய் ஓராண்டு நிறையப் போகிறது. முதலில் எதைக் கற்க ஆசை என்று முதல் நாளே கேட்டேன். பெயர் எழுத வேண்டும் என்றார்கள் பலரும். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு, இடுப்பில் செருகியிருந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கீழே அவருடைய கைநாட்டு, மை பரவிப்போய். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானே படிக்க வேண்டும்" என்றார். நான் படித்துச் சொல்கிறேன் என்றதற்குத் தலையை அசைத்து மறுத்துவிட்டார். இப்போது மூன்றாவது வரிக்கு வந்திருக்கிறார்.

சிறையில் கற்றுத்தரும் வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் தையல்தான். 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் முதன்முதலாகப் போன எலிசபெத் ஃப்ரை, 1817இல் ஒரு சங்கம் அமைத்து அங்கிருந்த பெண்களுக்குத் தையலும் படிப்பும் கிடைக்கச் செய்தார். அவர் தொடங்கிவைத்த பணியால் கிடைத்த துணியையும் நூலையும் கொண்டு, 1841இல் 'ராஜா' என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றைத் தைத்தார்கள். 2,815 துண்டுகள்! இன்று அது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தபோதே கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. இருநூறு ஆண்டுகள் ஓடிய பிறகும் ஊசியைத் தாண்டி நமக்கு ஒன்றும் தோன்றவில்லையே!

எண்ணிக்கையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். உலகச் சிறைகளில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. இவ்வளவு பேருக்காகத் தனி ஆசிரியரா, தனிப் பட்டறையா என்று கைவிரிக்கிறார்கள். ஆனால் அந்த ஏழு பேர் என்பது மொத்தத்தில் 7 லட்சத்துக்கும் மேல்.

விதிகளுக்குக் குறைவில்லை. பெண் கைதிகளுக்காக ஐ.நா. 2010இல் ஏற்ற பாங்காக் விதிகள், கைக்குழந்தை வைத்திருப்பவரும் வகுப்புக்கு வரும்படி ஏற்பாடு செய்யச் சொல்கின்றன. எல்லாக் கைதிகளுக்குமாக ஐ.நா.விலிருந்தே 2015இல் வந்த மண்டேலா விதிகள், உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும், அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பலாம், ஒரு பகுதியைச் சேமித்து விடுதலையாகும்போது தர வேண்டும் என்கின்றன. சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்த விவரமே இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. இங்கேயோ தாய் வாங்கும் தையல் சான்றிதழின் தலைப்பிலேயே சிறையின் பெயர் கொட்டை எழுத்தில். அதைக் காட்டி யாரிடம் போய் வேலை கேட்பார்? அதை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் விடுவதாக இல்லை.

உன் மகனுக்கு எண்கள்தானே பிடிக்கும்? 2013இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு, படிக்காதவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. எனக்கு அந்த எண்ணைவிட அந்த அம்மாவின் மூன்றாவது வரி பெரிது.

இனி உன்னிடம் ஓர் உதவி. பாதிப் பாடத்தில் ஆள் போய்விடுகிறார்கள். சிலருக்குத் தண்டனை குறைவு, சிலருக்கு ஜாமீன், சிலரை வேறு சிறைக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆறு மாதப் பாடத்திட்டம் எங்களுக்கு ஆகாது. முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஒவ்வொரு பாடமும் அன்றே தொடங்கி அன்றே முடியும்படி எழுதி அனுப்புவாயா? முதலில் வட்டிக் கணக்கை அனுப்பு. அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி