ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக் கோப்பைத் திறங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டேட்டாபேஸ் தகராறு செய்தால் 'செர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்ற யோசனைதான் தொழில்நுட்பப் பக்கங்களில் முதலில் வருகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற திறமூல டேட்டாபேஸ்களை நாள்தோறும் பராமரிப்பவர்கள் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறோம். ரீஸ்டார்ட் செய்ததும் யார் எந்த டேபிளைப் பூட்டி வைத்திருந்தார்கள், எந்தக் கொயரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எத்தனை மணி நேரமாக ஓடியது என்ற தடயமெல்லாம் போய்விடும். கோளாறு மட்டும் மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வரும்.

இந்த மென்பொருள்கள் தங்களுக்கு என்ன வலி என்பதைத் தாங்களே எழுதி வைக்கின்றன. போஸ்ட்கிரெஸில் 'ஷோ லாக்_டைரக்டரி', 'ஷோ டேட்டா_டைரக்டரி' என்று இரண்டு கட்டளை கொடுத்தால் லாக் கோப்பு இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் வார் அடைவுக்குள் லாக், அதற்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற அடைவில் இருக்கும். போஸ்ட்கிரெஸில் இரண்டு அமைப்புகளை முன்கூட்டியே மாற்றி வைப்பது நல்லது. 'லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மெண்ட்' என்பதற்கு 1000 என்று கொடுத்தால் ஒரு விநாடிக்கு மேல் ஓடும் கொயரிகள் பதிவாகும். 'லாக்_லாக்_வெயிட்ஸ்' என்பதை ஆன் செய்தால் ஒரு விநாடிக்கு மேல் பூட்டுக்காகக் காத்திருப்பவர்கள் பதிவாவார்கள். (பதிவேடும் பூட்டும் தமிழில் ஒரே 'லாக்' ஆகிவிட்டதால் தொலைபேசியில் உதவி கேட்கும்போது நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. இக்கடிதத்தில் பதிவேட்டை லாக் கோப்பு என்றும், மற்றதைப் பூட்டு என்றும் எழுதுகிறோம்.) இரண்டு மாற்றங்களுக்குமே ரீஸ்டார்ட் வேண்டாம். 'செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்()' போதும்.

'கனெக்ட் ஆகவில்லை' என்று மொட்டையாகச் சொல்லப்படுவது உண்மையில் நான்கைந்து வேறு வேறு நோய்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் அந்த முகவரியில், அந்த போர்ட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை என்று பொருள். பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் 5432-இலும் மைஎஸ்க்யூஎல் 3306-இலும் கேட்கும். போஸ்ட்கிரெஸ் தானாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது தான் ஓடும் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே கேட்கும் என்பதால் 'லிசன்_அட்ரஸஸ்' மாற்ற வேண்டியிருக்கும். இதற்கு ரீஸ்டார்ட் தேவைதான். 'நோ பிஜி_ஹெச்பிஏ என்ட்ரி' என்று வந்தால் செர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், வாசலில் நிறுத்திவிட்டார்கள். எந்த ஐபி, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ் என்பதை அந்த ஒரே வரியிலேயே செர்வர் சொல்லும்; அதை அப்படியே பார்த்து, யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்தால் முடிந்தது. அந்தக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும். புதிய வரியைக் கடைசியில் ஒட்டிவிட்டு 'சேர்த்தும் வேலை செய்யவில்லையே' என்பவர்கள், மேலே ஏற்கெனவே பொருந்திவிட்ட வரியைத் தேட வேண்டும். 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்றால் லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இல்லை. 127.0.0.1 என்ற முகவரி வழியாகப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும்.

'டூ மெனி கிளையண்ட்ஸ்' என்ற செய்தி வந்ததும் 'மேக்ஸ்_கனெக்ஷன்ஸ்' எண்ணை 100-இலிருந்து 1000 ஆக்குவது அடுத்த அனிச்சைச் செயல். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனியொரு பிராசஸ். எண்ணைப் பத்து மடங்காக்கினால் மெமரி தீர்ந்து, லினக்ஸே ஏதாவது ஒரு பிராசஸைக் கொல்லும் நிலை வரும். வழக்கமாகப் பயன்படும் பிஜிபௌன்சர் போன்ற பூலர் (சில கனெக்ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து தரும் மென்பொருள்) ஒன்றை நடுவில் வைப்பதுதான் முறை. அதற்கும் முன்னால், இருக்கும் நூறு பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதைக் காட்டும் ஜன்னல் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'. அதில் 'ஸ்டேட்' என்ற பத்தியில் (நெடுவரிசையில்) 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்' என்று இருந்தால் உஷாராகிவிடுங்கள். அப்ளிகேஷன் 'பிகின்' சொல்லி ஒரு டிரான்ஸாக்ஷனை (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுதியை) தொடங்கி, டேபிளில் ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு, கமிட் செய்யாமல் (முடித்து உறுதிசெய்யாமல்) வெளியில் உள்ள ஏதோவொரு வெப் சர்வீஸின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். வேலை எதுவும் ஓடவில்லை, சிபியு ஏறவில்லை. ஆனால் பூட்டுகளெல்லாம் அதன் கையில். இதன் மேல் ஒருவர் 'ஆல்டர் டேபிள்' கொடுத்தால் வேடிக்கை ஆரம்பம். ஆல்டருக்கு முழுப் பூட்டு வேண்டும், கிடைக்காது, வரிசையில் நிற்கும். அதற்குப் பிறகு வரும் சாதாரண செலக்ட்கள்கூட ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 'டேட்டாபேஸ் தொங்கிவிட்டது'. 'பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்' என்ற ஃபங்ஷனுக்குக் காத்திருப்பவரின் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால், மறித்து நிற்பவரின் எண்ணைத் தரும். சங்கிலியின் தலையில் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் வரை அதையே திரும்பக் கேட்க வேண்டும்.

தலையைக் கண்டபின் 'பிஜி_கேன்சல்_பேக்கெண்ட்' ஓடும் கொயரியை மட்டும் நிறுத்தும். ஐடிலாக இருப்பவரிடம் நிறுத்துவதற்குக் கொயரியே இல்லை என்பதால் அங்கே 'பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட்' வேண்டும். பொறுமையிழந்து லினக்ஸிலிருந்து 'கில் -9' அடிப்பவர்கள் கவனிக்க: ஒரே ஒரு பிராசஸ் அப்படிச் செத்தாலும், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்ற எண்ணத்தில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் வெட்டிவிட்டு மீட்புப் பணியில் இறங்கும். ஒருவரை எழுப்பப் போய் ஊரையே எழுப்பிய கதை. நிரந்தர வழி, 'ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்' என்பதற்கு ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ வைப்பது (தானாக அது பூஜ்யம், அதாவது எல்லையே இல்லை), ஆல்டர் கொடுக்கும் முன் அந்த செஷனில் 'லாக்_டைம்அவுட்' மூன்று விநாடி என்று வைத்து, கிடைக்காவிட்டால் விலகி மறுபடி முயல்வது.

மைஎஸ்க்யூஎல் பக்கம் இதே விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. எர்ரர் 1213 வந்தால் டெட்லாக், அதாவது ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து இருவருமே முடங்கிய நிலை. டிரான்ஸாக்ஷன் முழுவதும் பின்வாங்கப்பட்டுவிட்டது. எர்ரர் 1205 வந்தால் பூட்டுக்காகக் காத்திருந்த நேரம் (தானாக 50 விநாடி) தீர்ந்தது. இங்கே அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும். அதற்கு முன் அதே டிரான்ஸாக்ஷனில் செய்தவை அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, 1205-க்குப் பிறகு கமிட் செய்யும் புரோகிராம்கள் பாதிக் கணக்கை எழுதிவிட்டுப் போகும். ரோல்பேக் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே சரி.

டிஸ்க் நிரம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, காரணம் கோளாறு அல்ல, அதற்குச் செய்யப்படும் வைத்தியம். போஸ்ட்கிரெஸில் 'பிஜி_வால்' என்ற அடைவு பெருத்துக்கிடக்கும், உள்ளே 16 எம்பி அளவுக் கோப்புகள் ஆயிரக்கணக்கில். பழைய பதிவு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். இந்த அடைவுக்கு முன்பு 'பிஜி_எக்ஸ்லாக்' என்று பெயர். பெயரில் 'லாக்' இருப்பதைப் பார்த்து அழித்தவர்கள் அத்தனை பேர் என்பதால்தான் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படுவது அங்கேதான்; அது டேட்டாவின் உயிர். அழித்தால் செர்வர் எழாமல் போகலாம். 'பிஜி_ரீசெட்வால்' போட்டு எழுப்பினாலும் உள்ளே இருப்பது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை; உடனே டம்ப் (முழு ஏற்றுமதி) எடுத்துப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது இது. அதே டிஸ்க்கில் டேட்டாபேஸுக்குச் சம்பந்தமில்லாத எதையாவது நீக்குங்கள், அல்லது டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள். (ஒரு ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றை முன்கூட்டியே போட்டு வைத்து, இப்படி ஒரு நாளில் அதை அழிப்பவர்கள் புத்திசாலிகள்.) செர்வர் எழுந்ததும் ஏன் நிரம்பியது என்று பாருங்கள். 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' காட்சியில் 'ஆக்டிவ்' என்பது பொய் என்று இருக்கும் ஸ்லாட் ஏதாவது உண்டா? எப்போதோ நிறுத்திவிட்ட நகல் செர்வருக்காக அது இன்னும் கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கும். அது இனி வேண்டாம் என்று உறுதியானால் 'பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்' கொடுத்து, பிறகு ஒரு 'செக்பாயிண்ட்' (மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) கொடுங்கள். கோப்புகள் தானாகக் கரையும். ஸ்லாட் இல்லையென்றால் 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' பாருங்கள். அதில் 'ஃபெயில்டு_கவுண்ட்' ஏறிக்கொண்டே போனால் இந்தக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறது. 13-ஆம் பதிப்பு முதல் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' என்று ஓர் உச்சவரம்பும் வைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் பெருப்பது பைனரி லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு). அங்கும் கையால் கோப்பை அழிக்காமல் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

டேபிள் மட்டும் ஊதினால் வேறு கதை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு அப்டேட்டும் புது வரி எழுதிப் பழையதைச் செத்த வரியாக விட்டுவைக்கும். செத்த வரிகளைத் தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூம், டேபிளின் 20 சதவீதமும் மேலே 50 வரியும் செத்த பிறகே வரும். ஒரு கோடி வரி உள்ள டேபிளில் 20 லட்சம் வரி செத்த பிறகு! பெரிய டேபிளுக்கு மட்டும் இந்த விகிதத்தை 0.01 அளவுக்குக் குறையுங்கள். 'வேக்யூம் ஃபுல்' டேபிளை முழுவதுமாகப் பூட்டும், புதுப் பிரதிக்கு இடமும் கேட்கும். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

அதிகம் பேசப்படாத ஒன்று: லினக்ஸைப் புதுப்பித்த பிறகு டேட்டாபேஸ் பொய் சொல்வது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகத்திடமிருந்து வாங்குகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெருமளவு மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் புதிய விதிப்படி தேடினால், கண்ணெதிரே இருக்கும் வரி 'இல்லை' என்று வரும். ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத யூனிக் பத்தியில் ஒரே பெயர் இரண்டு முறை ஏறும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. 15-ஆம் பதிப்பு முதல் 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று எச்சரிக்கும். பலர் 'ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்' கொடுத்து எச்சரிக்கையை வாயடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலில் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்ய (புதிதாகக் கட்ட) வேண்டும், பிறகே அந்தக் கட்டளை.

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில. மைஎஸ்க்யூஎல்லில் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஹெக்ஸ்' ஃபங்ஷனால் அந்தப் பத்தியைப் பாருங்கள். '3எஃப்' '3எஃப்' என்று நிரம்பியிருந்தால் உண்மையிலேயே கேள்விக்குறிதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் போயே போய்விட்டது, பேக்கப்தான் கதி. 'இ0ஏஇ', 'இ0ஏஎஃப்' என்று மூன்று மூன்று பைட்டாக இருந்தால் டேட்டா நலம், காட்டும் கனெக்ஷனில்தான் கோளாறு. 'செட் நேம்ஸ் யுடிஎஃப்8எம்பி4' போதும். 'சி3ஏ0' என்று தொடங்கினால் இரண்டு முறை குறியேற்றம் ஆகியிருக்கிறது. பிரதி எடுத்து வைத்துக்கொண்டு லத்தீன்1 வழியாகத் திருப்பி மாற்றினால் பெரும்பாலும் மீளும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதுமானதாகையால் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், யாராவது நான்கு பைட் இமோஜி போட்ட அன்று உடையும்.

பத்தியின் நீளமும் அப்படித்தான். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு 15 குறி, 45 பைட். வார்ச்சார் 10 (பத்துக் குறி வரை) என்று வைத்தால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத மைஎஸ்க்யூஎல் 'கிருஷ்ணமூர' என்று வெட்டிச் சேமித்துவிடும், ஒரு எச்சரிக்கையோடு. அதை யாரும் படிக்கமாட்டார்கள். இன்னொன்று, 'கொ' என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியாகவும், கொம்பு தனி கால் தனி என இரண்டு குறியாகவும் எழுத முடியும். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள 'நார்மலைஸ்' ஃபங்ஷனை என்எஃப்சி (ஒற்றைக் குறியாகச் சேர்த்த) வடிவத்தில் சேமிக்கும்போதே போட்டுவிட்டால் தீர்ந்தது. 'ஔ'வுக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுபவர்களை மட்டும் எந்த ஃபங்ஷனாலும் திருத்த முடியாது.

வெளியிலிருந்து சிஎஸ்வி ஏற்றிய மறுநாள் 'டூப்ளிகேட் கீ' என்று வந்தால் அடுத்த ஐடியைத் தரும் சீக்வென்ஸ் பின்தங்கி நிற்கிறது. 'செட்வால்' ஃபங்ஷனில் அந்த டேபிளின் அதிகபட்ச ஐடியைக் கொடுத்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் தவிர வழியில்லை என்ற நிலை வரலாம். அப்போது ஓர் இரண்டு நிமிடம் எடுத்து, பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, பிஜி_லாக்ஸ் இரண்டையும் 'காப்பி' கட்டளையால் கோப்பாக எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள், ஒரு 'செக்பாயிண்ட்' கொடுங்கள், பிறகு 'ஃபாஸ்ட்' முறையில் நிறுத்துங்கள். 'இம்மீடியட்' வேண்டாம், அது நிறுத்துவதல்ல, மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்