லெனின்கிராடு வேடிக்கை பார்க்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சோவியத் வரலாறு பற்றியும் மேற்கு நாடுகளோடு அதற்கு இருந்த உறவு பற்றியும் கல்லூரி மாணவர்கள் எழுதியதைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் இறங்கிய பிறகுதான் ஹிட்லருக்குச் சரிவு தொடங்கியதாம். அதுவரை வேடிக்கை பார்த்த சோவியத் யூனியன் கடைசியில் வெற்றியில் பங்கு கேட்டு வந்ததாம்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வயதில் எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் படை சோவியத் எல்லையைத் தாண்டியது 1941 ஜூன் 22 என்பதும், நார்மண்டி 1944 ஜூன் 6 என்பதும், இடையில் மூன்று வருடம் ஓடியது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1943 பிப்ரவரி 2 அன்று ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து 16 மாதம் கழித்துத்தான் நார்மண்டி வந்தது. இதெல்லாம் தெரிந்தும் அந்த வரி அப்படியே அச்சாகிவிட்டதே என்பதுதான் மூன்று நாளாக மனத்தை அரிக்கிறது.

நான் 1984இல் மருத்துவம் படிக்க லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போனவள். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழிதான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் விடுதி வாசலில் சாவி கொடுக்க ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பாபுஷ்கா, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தில் பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தார். தின்று முடிக்கிற வரை எதிரிலேயே நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னார். நகரம் ஜெர்மன் படையின் முற்றுகையில் இருந்தபோது அவருக்கு வயது 11. 1941 நவம்பர் கடைசியில் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி, அதிலும் பாதி மாவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அம்மா இறந்தார். தான் விளையாடிய பனிச்சறுக்கு வண்டியில்தான் அம்மாவை வைத்துத் தெருவழியே இழுத்துப் போனாராம்.

1985 ஜனவரி 27 அன்று என்னைப் பிஸ்கர்யோவ் கல்லறைக்குக் கூட்டிப்போனார். முற்றுகை நீங்கிய நாள் அது. அங்கே பெயர் இல்லை. நீளநீளமான மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல், கல்லில் 1942 என்று வருடம் மட்டும். பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தியல், படைவீரர் என்றால் நட்சத்திரம். அப்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர் அங்கே கிடக்கிறார்கள். தன் அம்மா எந்த மேட்டில் என்று அவருக்குத் தெரியாது. அதனால் 1942 என்று எழுதிய ஒரு கல்லின்மேல் ரொட்டித் துண்டை வைத்துவிட்டு வந்தார். முற்றுகை 872 நாள். அது நீங்கியபோது நார்மண்டிக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.

மேற்கு நாடுகளை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அமெரிக்கா அனுப்பிய டின் இறைச்சியைப் பற்றிப் பேசினால் முகம் மலரும். ஏறத்தாழ 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் கூட அனுப்பினார்கள். பிரிட்டிஷ் மாலுமிகள் உறைகிற கடலில் உயிரைவிட்டு ரஷ்யாவின் வடகோடித் துறைமுகமான மூர்மான்ஸ்க் வரை கப்பல் ஓட்டினார்கள். ஆனாலும் முன்னணிப் படைவீரர்கள் அந்த டின்னுக்கு வைத்த பெயர் "இரண்டாவது முனை". மேற்கே ஒரு போர்முனை திறப்பார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இந்த ஒரு சொல்லை யாராவது அந்த மாணவருக்குச் சொல்லியிருந்தால் அவர் கட்டுரையே வேறு மாதிரி வந்திருக்கும்.

என்னைச் சோவியத் பக்தை என்று நினைத்துவிடாதீர்கள். அதே பக்கத்தில் இன்னொரு மாணவி 1932-33 உக்ரைன் பஞ்சத்தை மேற்கத்தியக் கட்டுக்கதை என்று எழுதியிருக்கிறார். அதற்கும் எனக்கு அதே கோபம்தான். லட்சக்கணக்கில் செத்தவர்கள் கட்டுக்கதை இல்லை. 1939 ஆகஸ்ட் 23இல் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, செப்டம்பரில் போலந்தின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டதும் உண்மை. வேடிக்கை பார்த்தது என்று அந்தச் சமயத்தைச் சொல்லியிருந்தால்கூட அது குறைத்துச் சொன்னதாகத்தான் ஆகும். ரஷ்யாவின் காத்தின் காட்டில் போலந்து இராணுவ அதிகாரிகளைக் கொன்றது தாங்கள்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரலில். அப்போது நான் அங்கேதான் இருந்தேன். பக்கத்து அறைப் போலந்துப் பெண் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு அவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

1988இல் சோவியத் பள்ளிகளில் வரலாற்று இறுதித் தேர்வையே ரத்து செய்தார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது பொய் என்று அரசே உணர்ந்த பிறகு பிள்ளைகளிடம் எதைக் கேட்பது? பாபுஷ்காவின் பேரன் தேர்வு இல்லை என்று குதித்தான். அவர் மட்டும், அப்படியானால் இத்தனை வருடம் இவன் எதைப் படித்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் 1962இல் வந்த கியூபா நெருக்கடி பற்றி நீங்கள் கட்டுரை வெளியிட்டீர்கள். சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்வாங்கியது மட்டும் அதில் இருந்தது. துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூப்பிட்டர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்க அதிபர் கென்னடி ரகசியமாக வாக்குக் கொடுத்ததும், 1963இல் எடுத்ததும் இல்லை. அப்போதே எழுதினேன். பதிலும் இல்லை, வெளியிடவும் இல்லை. 1992இல் வேலை கேட்டுப் போன மருத்துவமனையில், சோவியத் யூனியன் என்ற நாடே இப்போது இல்லையே, அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று என்னைக் கேட்டார்கள். நாடு இல்லை என்பதற்காக அங்கே நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அன்று வாயடைத்து வந்துவிட்டேன். இன்று அப்படி இருக்க மனம் வரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். 1941 ஜூன் 22, 1943 பிப்ரவரி 2, 1944 ஜனவரி 27, 1944 ஜூன் 6 என்ற தேதிகளும், சோவியத் மக்களில் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் அந்தப் போரில் இறந்தார்கள் என்பதும் இருந்தால் போதும். பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த மாணவர்களின் பெயரைத் திருத்தத்தில் போட வேண்டாம், பாவம். 1942 என்று எழுதிய அந்தக் கல்லின் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர்கள் பார்க்க விரும்பினால் என் முகவரியைக் கொடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
குழந்தை மருத்துவர்,
தஞ்சாவூர்